குழந்தையின் தோலில் கண்டதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது

போன ஆடி மாதம் ஒரு ராத்திரி எட்டரை மணிக்கு, செல்லம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் சுகாதார செவிலியர் பெண் எனக்குப் போன் செய்தாள். "அக்கா, மூணு வயசுப் பையன், உடம்பெல்லாம் அலர்ஜி மாதிரி இருக்குக்கா. டாக்டர்கிட்ட என்ன சொல்லட்டும்?"

"அலர்ஜியை விடும்மா. நீ என்ன பார்த்தே, அதைச் சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பையனை அவள் நன்றாகத்தான் பார்த்திருக்கிறாள். பார்த்ததைச் சொல்ல வார்த்தை வரவில்லை.

உசிலம்பட்டி வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை, எந்த நோய்க்கு எந்த மருந்து என்று இங்கே எழுதப் போவதும் இல்லை. ஆனால் தோல் விஷயத்தில் போனிலோ நேரிலோ டாக்டருக்கு உதவுவது நாம் வைக்கும் நோயின் பெயர் இல்லை, நாம் சொல்லும் வர்ணனைதான் என்பதை அந்த 31 வருஷமும் எனக்குக் காட்டியிருக்கிறது. 'அலர்ஜி', 'சூட்டுக் கொப்புளம்', 'அம்மை' என்று ஒரு பெயரை முதலில் சொல்லிவிட்டால் கேட்பவர் மனசும் அந்தப் பெயரிலேயே நின்றுவிடும். இதை அம்மாக்களுக்கும், அங்கன்வாடியில் இருப்பவர்களுக்கும், என் வேலைக்கு இப்போது வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் வெளிச்சம். வீட்டுக்குள் மஞ்சள் பல்பு எரியும்போது தோலைப் பார்க்காதீர்கள். பகலில் திண்ணையிலோ வாசல் நிழலிலோ குழந்தையை உட்கார வையுங்கள். ராத்திரி என்றால் வெள்ளை டார்ச் வெளிச்சம் போதும். உடுப்பு முழுவதும் கழற்ற வேண்டும், அரைஞாண் கயிறு, வசம்பு வளையல், தாயத்து எல்லாவற்றுக்கும் அடியிலும் பார்க்க வேண்டும். மஞ்சளோ சந்தனமோ பூசியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து ஓர் இடத்திலாவது மெதுவாக ஒற்றி எடுத்துவிட்டுப் பாருங்கள். மஞ்சளுக்கு அடியில் சிவப்பு எது, பழுப்பு எது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. பாட்டிமார்கள் கோபித்துக்கொள்வார்கள். "பார்த்துட்டு நானே திரும்பப் பூசி விடுறேன் பாட்டி" என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். நானும் பூசி விட்டுத்தான் வருவேன்.

அடுத்தது விரல். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் அந்த இடத்தைத் தடவுங்கள். ஒன்றும் தட்டுப்படவில்லை, கண்ணைத் திறந்தால் மட்டும் நிறம் தெரிகிறது என்றால் அது தட்டையான புள்ளி. பெரிதாகப் பரந்திருந்தால் திட்டு. விரலில் மேடு தட்டினால் பரு. அகலமாக, மேல்பக்கம் சமமாக எழும்பியிருந்தால் தடிப்பு. உள்ளே தெளிந்த நீர் இருந்தால் நீர்க்கொப்புளம், மஞ்சளாகக் கலங்கியிருந்தால் சீழ்க்கொப்புளம். மேலே காய்ந்து ஒட்டியிருப்பது பொருக்கு. தவிடு மாதிரியோ மீன் செதில் மாதிரியோ உதிர்வது செதில். இந்த ஏழெட்டு வார்த்தைகளைச் சரியாகச் சொன்னாலே டாக்டருக்குப் பாதித் தோல் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பொருக்கின் நிறத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூக்கடியிலும் வாயோரத்திலும் தேன் காய்ந்த மாதிரிப் பொன்னிறப் பொருக்கு இருந்தால், அது பெரும்பாலும் கிருமி தொற்றிய புண். பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கு வந்தால் பக்கத்து பெஞ்சுக்கும் போகும்.

அளவுக்கு 'சின்னது', 'பெருசு' என்று சொன்னால் போதாது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நான் அடுக்களையிலிருந்துதான் அளவு சொல்லிக் கொடுத்தேன்: கடுகு, மிளகு, துவரம்பருப்பு, பட்டாணி, அதற்கு மேல் ஒரு ரூபாய்க் காசு. மிளகு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர், ஒரு ரூபாய்க் காசு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். டாக்டர்களும் இதே மாதிரிதான் அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் என்று கோடு போட்டுக் கொப்புளத்துக்கு வெவ்வேறு பெயர் வைக்கிறார்கள். எத்தனை என்பதையும் எண்ணுங்கள். பத்துக்குள் என்றால் எண்ணிக்கையைச் சொல்லுங்கள், அதற்கு மேல் என்றால் "ஒரு உள்ளங்கை இடத்தில் இத்தனை" என்று சொல்லலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். புத்தகத்திலும் போனிலும் வரும் படங்கள் பலவும் வெளுத்த தோலில் எடுத்தவை. அவற்றில் ரோஜா நிறமாகத் தெரியும் சிவப்பு, நம் பிள்ளைகளின் மாநிறத்தில், கறுப்புத் தோலில் அப்படித் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ, நாவல்பழ நிறமாகவோ, சில சமயம் வெறும் கருமையாகவோதான் தெரியும். "சிவப்பு இல்லையே, அப்ப ஒண்ணுமில்லை" என்று விடக்கூடாது. உள்ளங்கை, உள்ளங்கால், உதட்டின் உள்பக்கம், கீழ் இமையின் உள்பக்கம் இங்கெல்லாம் நிறம் மறையாது, அங்கே பாருங்கள். புறங்கையால் தொட்டால் சூடும் தெரியும். பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டு "சுற்றியுள்ள தோலைவிடக் கருப்பு", "சுற்றியுள்ளதைவிட வெளுப்பு" என்று சொன்னாலும் போதும்.

அப்புறம் அழுத்திப் பார்ப்பது. என் பையில் எப்போதும் 15 சென்டிமீட்டர் தெளிவான பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று இருக்கும். அளக்கவும் ஆச்சு, அழுத்தவும் ஆச்சு. கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டும் நல்லது. புள்ளி மேல் வைத்து அழுத்தும்போது ஸ்கேல் வழியாகவே பாருங்கள். நிறம் மங்கி, விட்டதும் திரும்ப வந்தால் அது ரத்தக்குழாய் விரிந்ததால் வந்த சிவப்பு. அழுத்தியும் மங்காமல் அப்படியே இருந்தால், ரத்தம் குழாயை விட்டு வெளியே கசிந்து தோலுக்கடியில் நிற்கிறது என்று அர்த்தம். காய்ச்சலோடு இருக்கும் குழந்தைக்கு இப்படி மங்காத புள்ளிகள் கடுகளவில் நாலைந்து இருந்தால்கூட அதற்கு மேல் வர்ணித்துக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். டெங்குவிலும் வரும், மூளைக்காய்ச்சல் கிருமி ரத்தத்தில் கலந்தாலும் வரும். காத்திருந்து பார்க்கும் சமாச்சாரம் இல்லை.

இனி, எங்கே இருக்கிறது என்பது. எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை. ஒரு புள்ளியை மட்டும் பார்த்தால் பத்து நோய் மாதிரி இருக்கும், உடம்பு முழுக்க அது எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்த்தால் ரெண்டாகக் குறைந்துவிடும்.

அம்மையையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கம் 'அம்மை' என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனையோ அடங்கும். பொன்னுக்குவீங்கியைக்கூட அந்தக் கணக்கில் வைக்கும் வீடுகள் உண்டு. வாசலில் வேப்பிலை செருகிய வீட்டுக்குப் போனால் நான் செருப்பை வெளியே விட்டுவிட்டு, "ஆத்தா வந்து எத்தனை நாளாச்சு? முத்து முதல்ல எங்கே போட்டுச்சு?" என்றுதான் கேட்பேன். அந்த வீட்டின் வார்த்தையில் கேட்டால் அம்மாக்கள் பிசகாமல் பதில் சொல்வார்கள். சின்னம்மை என்றால் முத்து நெஞ்சிலும் முதுகிலும் நெருக்கமாக, கைகால் நுனிக்குப் போகப் போகக் குறைவாக இருக்கும். தலைமுடிக்குள்ளும் வாய்க்குள்ளும் ஒன்றிரண்டு இருக்கும். அதைவிட முக்கியம், ஒரே இடத்தில் எல்லா வயசும் இருக்கும்: இன்று கிளம்பிய பரு, நேற்றைய நீர்முத்து, முந்தாநாள் காய்ந்த பொருக்கு, மூன்றும் ஒரு சாண் தோலில். "ஒரே நேரத்தில் பல பருவம்" என்று நீங்கள் சொன்னால் டாக்டருக்கு அது பெரிய தகவல். எல்லா முத்தும் காய்ந்து பொருக்காகும் வரை மற்றவருக்கு ஒட்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அதையும் கூடவே சொல்லுங்கள்.

மணல்வாரி, அதாவது தட்டம்மை, வேறு நடை நடக்கும். அதில் நீர் கிடையாது. முதலில் மூணு நாலு நாள் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவந்து கூசும். அப்புறம் காதுக்குப் பின்னாலும் நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலும் ஆரம்பித்து, முகம், நெஞ்சு, வயிறு, கால் என்று மேலிருந்து கீழே இறங்கும். "எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் போனது" என்று கேட்டால் இந்த இரண்டையும் பிரித்துவிடலாம். தடுப்பூசி அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பேசுங்கள். தட்டம்மை ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. இரண்டும் போட்டிருக்கிறதா என்பது முதல் கேள்வியாக வரும்.

சிரங்கு விரல் இடுக்கைத் தேடிப் போகும். விரல்களுக்கு நடுவே, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இடுப்பு, பையன்களுக்கு ஆண்குறியில். கைக்குழந்தை என்றால் உள்ளங்கை, உள்ளங்கால், தலையிலும் வரும். ராத்திரி படுத்ததும் அரிப்பு அதிகமாகும். "வீட்டில் வேற யார் சொறியுறாங்க?" என்று கட்டாயம் கேளுங்கள். ஒரு வீட்டில் குழந்தைக்கு மட்டும் மருந்து போட்டு மூன்று முறை திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். கூடப் படுக்கும் பாட்டி கையிலும் இருந்தது, யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரே நாளில் போட்டால்தான் போகும்.

டயபர் கட்டும் குழந்தையின் தொடை இடுக்கை விரித்துப் பாருங்கள். மேடான இடமெல்லாம் சிவந்து, மடிப்பின் ஆழம் மட்டும் தெளிவாக இருந்தால் ஈரம் அரித்த புண். மடிப்புக்குள்ளேயும் சிவந்து, ஓரத்தைத் தாண்டிச் சின்னச் சின்னப் பருக்கள் சிதறிக் கிடந்தால் காளான் வகைத் தொற்றாக இருக்கலாம். மருந்து வேறு. "மடிப்பு தப்பித்திருக்கிறதா?" என்ற ஒரு கேள்விதான் இரண்டையும் பிரிக்கிறது. கரப்பானுக்கும் இப்படி இடம் உண்டு: கைக்குழந்தைக்குக் கன்னம், நடக்கும் வயசுக்கு மேல் முழங்கை மடிப்பு, முழங்காலின் பின் மடிப்பு.

வடிவமும் பேசும். வட்டமாக, ஓரம் மட்டும் மேடிட்டு செதிலோடு, நடுப்பகுதி தெளிந்துகொண்டே விரிந்தால் படர்தாமரை. ஆனால் மருந்துக்கடையில் வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசிய பிறகு அந்த ஓரம் கலைந்துபோகும், டாக்டருக்கே அடையாளம் தெரியாது. பூசியதை மறைக்காமல், காலி ட்யூபையும் எடுத்துக்கொண்டு போங்கள். கோடு கோடாக இருந்தால் வெளியிலிருந்து ஏதோ பட்டிருக்கிறது என்று நினைக்க வேண்டும். மேலூர்ப் பக்கம் மழைக்குப் பிறகு வயல்காட்டிலிருந்து ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு மெல்லிய பூச்சி ராத்திரி விளக்குக்கு வரும். அது கழுத்தில் உட்காரும்போது தேய்த்து நசுக்கிவிட்டால் அடுத்த நாள் சுட்ட கோடு மாதிரி எரியும், கொப்புளிக்கும். முழங்கை மடிப்பில் பட்டால் மேலும் கீழும் ஒன்றுக்கொன்று அச்சு எடுத்த மாதிரி ரெண்டு புண் இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வராது.

உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டை கட்டியதுபோல் நீர்க்கொப்புளம் கொத்துக் கொத்தாக வந்து நடுமுதுகில் கோடு கிழித்த மாதிரி நின்றுவிட்டால் அது அக்கி. மண்பாண்டம் செய்கிறவர்களிடம் போய்க் காவியால் அக்கி எழுதி வருவது நம் ஊரில் இன்னும் இருக்கிறது. எழுதுவதற்கு முன் ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள், காவிக்கு அடியில் எல்லை தெரியாது. கண்ணோரத்திலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் இருந்தால் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும், கண்ணுக்கு ஆபத்து.

வெளுத்த திட்டுகளுக்கு ஓரத்தைப் பாருங்கள். கன்னத்தில் ஓரம் கரைந்து, லேசாகச் செதிலோடு இருக்கும் தேமலுக்கு "வயித்துல பூச்சி" என்று சொல்லிப் பூச்சி மாத்திரை கேட்டு வருவார்கள். பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பால் வெள்ளையில், ஓரம் வெட்டினாற்போல் இருந்தால் வெண்புள்ளி. அதைக் குஷ்டம் என்று தயவுசெய்து வாய் தவறியும் சொல்லாதீர்கள், அந்தச் சொல் குழந்தையின் கல்யாணம் வரை துரத்தும். தொழுநோய்த் திட்டு வேறு. அதில் உணர்ச்சி குறையும். பஞ்சைத் திரித்துக் குழந்தையின் கண்ணை மூடச் சொல்லி, நல்ல தோலிலும் திட்டிலும் மாற்றி மாற்றித் தொட்டு, "எங்கே தொட்டேன், விரலால் காட்டு" என்று விளையாட்டாகக் கேளுங்கள். திட்டை மட்டும் காட்டத் தவறினால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மருந்து இலவசம், முழுசாகக் குணமாகும்.

காலத்தைச் சொல்ல ஒரு பால்பாயிண்ட் பேனா போதும். காணாக்கடி என்று எங்கள் பக்கம் சொல்லும் தடிப்பு ஒரே இடத்தில் ஒரு நாளைத் தாண்டி நிற்காது. இங்கே மறையும், அங்கே கிளம்பும். ஒரு தடிப்பைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் மணியை எழுதி வையுங்கள். அடுத்த நாள் அதே மணிக்கு வட்டத்துக்குள் காலியாக இருந்தால் அதைச் சொல்லுங்கள். அப்படியே நின்றால் அதையும் சொல்லுங்கள், டாக்டர் வேறு பக்கம் யோசிப்பார். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறதா என்று பார்க்கவும் இதே வட்டம்தான்.

எழுமலைப் பக்கம் ஒரு பெண் குழந்தை, ஆறு வயசு. ஆறு நாளாகக் காய்ச்சல், ஊசி போட்டும் இறங்கவில்லை. "உடம்புல ஒண்ணுமே இல்லை நர்ஸம்மா" என்று அவள் அம்மா சத்தியம் செய்தாள். முதல் தடவை போனபோது நானும் சட்டையைத் தூக்கி வயிற்றை மட்டும் பார்த்துவிட்டு "தோலில் ஒன்றும் இல்லை" என்று எழுதிவிட்டேன். அடுத்த நாள் மனசு கேட்காமல் திரும்பப் போய்ப் பாவாடையைக் கழற்றச் சொன்னேன். தொடை இடுக்கில், துவரம்பருப்பு அளவுக்குக் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு, பீடியால் சுட்ட மாதிரி. வலியே கிடையாது, அதனால்தான் குழந்தையும் சொல்லவில்லை. புதர்க்காட்டில் இருக்கும் சின்ன உண்ணிப்பூச்சி கடித்து வரும் ஸ்கரப் டைஃபஸ் காய்ச்சல். அந்தப் பொருக்கைச் சொன்ன பிறகுதான் சரியான மருந்து ஆரம்பித்தார்கள், ரெண்டு நாளில் காய்ச்சல் விட்டது. அந்த ஒரு நாளை நான் இன்னும் மறக்கவில்லை. விடாத காய்ச்சல் என்றால் அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம், பிட்டத்து இடுக்கு, தலைமுடிக்குள் பார்க்காமல் "ஒன்றும் இல்லை" என்று எழுதக்கூடாது. பெண் குழந்தை என்றால் அம்மாவைக் கூட வைத்துக்கொண்டு, குழந்தையிடமும் கேட்டுக்கொண்டு பாருங்கள்.

போட்டோ அனுப்புவதானால் மூன்று. தூரத்திலிருந்து ஒன்று, பரவியிருக்கும் விதம் தெரிய. கிட்டத்தில் ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசோ ஸ்கேலோ வைத்து. மூன்றாவது, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழும்படி சாய்த்து; அப்போதுதான் மேடு நிழல் விட்டுக் காட்டும். அழகாக்கும் வசதியைப் போனில் அணைத்துவிடுங்கள், அது புள்ளியையே துடைத்துவிடும். மறைவிடம் என்றால் போட்டோ வேண்டாம், வார்த்தையில் சொல்லுங்கள். எடுத்ததைக் குடும்பக் குழுவில் போடாதீர்கள்.

மங்காத புள்ளி போக, உடனே ஓட வேண்டியவை: தடிப்போடு உதடு வீங்குவது அல்லது மூச்சு இழுப்பது, தோல் வெந்தது போல் உரிவது, கொப்புளத்தோடு வாயும் கண்ணும் புண்ணாவது, ஒரு மாதம் ஆகாத குழந்தைக்கு நீர்க்கொப்புளம், அஞ்சு நாளைத் தாண்டிய காய்ச்சலோடு கண்ணும் உதடும் சிவந்து கைகால் வீங்குவது, குழந்தை எழுப்பினாலும் துவண்டு கிடப்பது.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன். "போனை வச்சிட்டு, டார்ச்சை எடுத்துட்டுப் போய் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பாரு, ஒரு தாளில் எழுது, எழுதினதை அப்படியே டாக்டருக்கு அனுப்பு" என்றேன். இருபது நிமிஷம் கழித்து எனக்கும் அனுப்பியிருந்தாள். அதை இப்போதும் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் காட்டுகிறேன்:

"ஆண், 3 வயது. நேற்று மாலை லேசான காய்ச்சல், இன்று காலை முதல் தோலில். உள்ளங்கை இரண்டிலும் 6, 8; உள்ளங்காலில் 5, 5; பிட்டத்தில் சுமார் 20; முழங்காலில் சில. நெஞ்சு, முதுகு, தலை தெளிவு. கடுகு முதல் மிளகு அளவு, நீள்வட்டம், சாம்பல் நிற நீர்க்கொப்புளம், சுற்றிச் சிவப்பு. பிட்டத்தில் இருப்பவை சிவந்த பரு, நீர் இல்லை. அழுத்தினால் சிவப்பு மங்குகிறது. எல்லாம் ஒரே பருவம், பொருக்கு இல்லை. அரிப்பு இல்லை. வாய்க்குள் நாக்கிலும் அண்ணத்திலும் 4 புண், எச்சில் ஒழுகுகிறது. அங்கன்வாடியில் இன்னும் 2 பிள்ளைகளுக்கு இதே மாதிரி. எதுவும் பூசவில்லை. காலையிலிருந்து அரை டம்ளர் கஞ்சி மட்டும். மதியத்துக்குப் பிறகு சிறுநீர் போகவில்லை."

டாக்டர் அவளைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கடைசி வரியைத் திரும்பச் சொல்லும்மா. சரி, கை கால் வாய் நோய் தானாப் போயிடும், ஆனா பையன் காஞ்சு போயிருக்கான். இப்பவே கூட்டிட்டு வாங்க." பத்து மணிக்கு முன்னால் பையனுக்கு டிரிப் ஏறியது.